சனிக்கிழமைப் பக்கங்கள்

இருபது வருஷமாக ஒரே அட்டவணையைப் போட்டுப் பிழைத்தவன் நான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமைதோறும், பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு டிப்ளோமா வகுப்பு. வெள்ளைப் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பேன். இடப்பக்கம் ‘நடத்தைக் கொள்கை’ என்றும் வலப்பக்கம் ‘கட்டுமானக் கொள்கை’ என்றும் எழுதுவேன். பாடநூல்கள் இவற்றுக்கு இன்னும் நீளமான பெயர்கள் வைத்திருக்கின்றன. பதிப்புக்குப் பதிப்பு பெயர் மாறும். நான் சுருக்கிக்கொண்டேன். முதல் வருஷத்தில் ஒரு மாணவி, கட்டுமானம் என்றால் சிமெண்டு கலப்பதா சார் என்று கேட்டாள். ஏறத்தாழ அதேதான் என்று சொல்லிவைத்தேன்.

இடப்பக்கத்தின் சாரம் இது: கற்பவரின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பது நம் கவலை இல்லை. கண்ணுக்குத் தெரிகிற நடத்தை மட்டும்தான் கணக்கு. வேண்டிய நடத்தைக்கு உடனே பரிசு கொடு, அது வளரும். வேண்டாத நடத்தையைக் கண்டுகொள்ளாதே, அது தானாக அற்றுப்போகும். வலப்பக்கம் இதற்கு நேர் எதிர். யாரும் யாருக்கும் அறிவை ஊற்றிக் கொடுக்க முடியாது. தன்னிடம் ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொண்டு, அதன்மேல் அவரவர்தான் கட்டிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் சாரம் கட்டிக் கொடுக்கலாம், செங்கல் கற்பவருடையது. தவறு செய்தால் திட்டாதே, அந்தத் தவறின் வழியாக உள்ளே எட்டிப் பார், என்ன கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்.

உதாரணங்களும் இருபது வருஷமாக அவையேதான். இடப்பக்கத்துக்குக் கொமுட்டர் ரயில். கதவு மூடப்போகிறது என்று பீப் சத்தம் வந்ததும் பிளாட்பாரத்தில் நிற்கிற எல்லாக் கால்களும் ஓடும். அது தங்கள் ரயில்தானா என்று எந்தக் காலும் கேட்பதில்லை. நானே ஒரு தடவை கிள்ளானுக்குப் போக வேண்டியவன் பீப் சத்தத்துக்கு ஓடி ஏறி, சிரம்பான் வழியில் பாதி தூரம் போயிருக்கிறேன். வலப்பக்கத்துக்குக் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம். அங்கே வழியை யாரும் யாருக்கும் கற்பித்ததில்லை. மூன்று தடவை தொலைந்து, இரண்டு தடவை பேரங்காடிக்குள் நுழைந்து வெளியே வந்து, தன் மண்டைக்குள் தானே ஒரு வரைபடம் போட்டுக்கொண்டவர்தான் அடுத்த தடவை ரயிலைப் பிடிப்பார். வகுப்பு சிரிக்கும். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் நானும் கொஞ்சம் நிறுத்திக் காத்திருப்பேன். யார் யாரைப் பழக்கினார்கள் என்று அப்போது யோசித்ததில்லை.

பருவத் தேர்வில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: ‘இரு கொள்கைகளையும் ஒப்பிடுக. எது சிறந்தது?’ திருத்துவதற்கு நானே ஒரு மாதிரி விடை எழுதி வைத்திருந்தேன். ‘இரண்டும் சிறந்தவையே. ஆசிரியர் சூழ்நிலைக்கேற்பப் பயன்படுத்த வேண்டும்.’ இப்படி எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். சூழ்நிலை என்ன என்பதை யார் முடிவுசெய்வது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்.

அந்தக் குறிப்புகளையெல்லாம் தட்டச்சு செய்து கொடுத்தது என் மனைவி. கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தவள். என் கையெழுத்தை வாசிக்க முடிந்த ஒரே மனுஷி. இரண்டு கொள்கையும் அவளுக்கு மனப்பாடம், மதிப்பு மட்டும் கிடையாது. மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வுக்கூடம் எதற்கு, டீ ஆற்றுகிற சத்தம் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து வருகிற ஆள் இங்கேயே இருக்கிறாரே என்பாள். நான் அப்போது எழுந்து போய்க்கொண்டிருப்பேன்.

என் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் வளர்ந்த வீட்டுப் பழக்கம் அது. எங்கள் தலைமுறையிலேயே பலர் விட்டுவிட்டார்கள், இவள் விடவில்லை. அரசாங்க அலுவலகத்தில் கணவர் பெயர் கேட்டால், என் அடையாள அட்டையை எடுத்துக் கவுண்டருக்குள் நீட்டிவிட்டுக் கூரையைப் பார்ப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதன் அப்பா என்றாவது என்னைக் குறித்திருப்பாள். அதற்கும் வழியில்லாததால் முப்பத்தொரு வருஷமும் ‘ஏங்க’ என்ற ஒரே அழைப்புதான். வீட்டில் பேசிக்கொள்ள நாங்கள் இரண்டு பேர், எனக்கு அதுதான் பெயர்.

ஒரு புதன்கிழமை காலை பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து என் சட்டை நழுவி ஈரத் தரையில் விழுந்தது. துவைத்த சட்டை அழுக்காகிவிட்டதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவளும் சரிந்தாள். மூளையின் இடப்புறத்தில் ரத்த அடைப்பு என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. நாம் சொல்வதில் பெரும்பகுதி அவளுக்குப் புரியும், பதிலுக்குச் சொல்தான் வராது என்றார் டாக்டர். பன்னிரண்டு நாள் அவளிடமிருந்து சத்தமே இல்லை. பதின்மூன்றாம் நாள் நான் கட்டிலுக்குக் கீழே என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து வந்தது.

“ஏங்க.”

நிமிர்ந்த வேகத்தில் கட்டில் கம்பியில் தலையை இடித்துக்கொண்டேன். சுற்றியிருந்த நோயாளிகளெல்லாம் சிரித்தார்கள். அவளும் பாதி முகத்தால் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வந்த சொல் அது ஒன்றுதான். சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மிஞ்சிவிடுவது உண்டு என்றார் டாக்டர். வேறு ஏதாவது சொல்ல முயன்றாலும் அதுதான் வாயில் வரும். தண்ணீருக்கும் ஏங்க, வலிக்கும் ஏங்க, காற்றாடியை நிறுத்தச் சொல்வதற்கும் ஏங்க. நான் ஒவ்வொன்றாக ஊகித்துக் கேட்பேன். தண்ணியா, பாத்ரூமா, முதுகு வலிக்குதா? அவள் தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் சரியானதற்குக் கண்ணை மூடித் திறப்பாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். உலகத்தில் எவ்வளவோ சொல் இருக்க, என்னைக் கூப்பிடுகிற சொல்லைத்தான் இவள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள் பாருங்கள் என்று.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நான் டிப்ளோமா வகுப்பு எடுப்பவன் அல்லவா.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி. பயிற்சியாளர் ஒரு மலாய்ப் பெண், வயது முப்பதுக்குள் இருக்கும். என்னை அங்கிள் என்றும் அவளை ஆன்டி என்றும் அழைப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த பயிற்சியாளர் கிடைப்பது லேசில்லை. அடைப்புக்கு முன்பு என் மனைவி மலாயும் ஆங்கிலமும் என்னைவிட நன்றாகப் பேசுவாள். ஆகவே பட அட்டைகளைக் காட்டி அவர் மலாயில் கேட்டு, நான் தமிழில் திரும்பச் சொல்லி, அவள் ‘ஏங்க’ என்று பதில் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டு போனார்.

இரண்டாவது முறை போனபோது ஒரு சாவிப் படம் வந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். ‘ஏங்க’ என்றாள். குரல் கடைசியில் மேலே ஏறியது. நான் படத்தைப் பாரு என்று விரலால் தட்டினேன். அவள் மறுபடியும் என் பையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அவசரமாக, ‘ஏங்க’ என்றாள். தாளில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது சாவி வாசற்கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கிளம்பிய அவசரத்தில் நான் விட்டுவிட்டு வந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அவர்மேல் குற்றமில்லை. எனக்குத் தமிழ் தெரியும்.

ஆனால் சாவி தொங்கியதைப் பார்ப்பதற்கு முன்பே நான் என் திறமையைக் காட்டி முடித்திருந்தேன். அன்று பயிற்சி முடிந்ததும் அந்தப் பெண் ஒரு யோசனை சொன்னார். ஆன்டி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொள்கிறார், நீங்களும் உடனே ஓடி ஓடிச் செய்துவிடுகிறீர்கள், இனிமேல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், ஐந்து எண்ணுகிற வரைக்கும், வேறு ஏதாவது ஒலி வருகிறதா என்று. அவ்வளவுதான் சொன்னார். நான் உடனே ஆங்கிலத்துக்குத் தாவி, ஓ, எனக்குத் தெரியும், கண்டுகொள்ளாமல் விட்டால் பழைய நடத்தை அற்றுப்போகும், புதியதற்குப் பரிசு கொடுத்து வளர்க்க வேண்டும், இதைத்தான் நான் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன் என்று ஒரு குட்டிச் சொற்பொழிவு ஆற்றினேன்.

“வாஹ், பண்டாய் லா அங்கிள்” என்றார் அந்தப் பெண். பண்டாய் என்றால் கெட்டிக்காரர். கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார்.

மூன்று மாதமாக யாரும் என்னைக் கெட்டிக்காரர் என்று சொல்லவில்லை. கஞ்சி காய்ச்சத் தெரியாதவன், பேம்பர்ஸை முன்னும் பின்னும் மாற்றிக் கட்டுகிறவன் என்றுதான் பெயர் எடுத்திருந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் வாலாட்டியதை நினைத்தால், டீ ஆற்றுகிற சத்தத்துக்கு எழுந்து போனதெல்லாம் கௌரவமான காரியம்.

மறுநாள் திட்டம் தயார். ‘ஏங்க’வுக்குப் பதில் கிடையாது, திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. வேறு எந்த ஒலி வந்தாலும், ‘த’ என்றாலும் போதும், உடனே தண்ணீர், கைதட்டல், ஒரு துண்டு பழுத்த பப்பாளி. அவளைப் பட்டினி போடுகிற கொடுமைக்காரன் இல்லை நான். மணிக்கு ஒரு முறை தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை, நேரத்துக்கு மருந்து என்று கால அட்டவணை போட்டுச் செய்தேன். எல்லாம் அவளுக்குக் கிடைத்தது. கேட்டதால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு ‘ஏங்க’வுக்கும் ஒரு கோடு போட்டேன். அவளிடம் இதையெல்லாம் விளக்கினேனா? விளக்கினேன். வகுப்பில் பேசுவதுபோல, இடப்பக்க அட்டவணையிலிருந்து. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ‘ஏங்க’ என்றாள். நான் முதல் கோட்டைப் போட்டேன்.

முதல் நாள் நாற்பத்திரண்டு கோடுகள். மூன்றாம் நாள் எழுபத்தாறு. நான் கலங்கவில்லை. அற்றுப்போவதற்கு முன்பு அந்த நடத்தை ஒரு தடவை பெருகும் என்று பாடத்திலேயே இருக்கிறது. அங்கேதான் நீங்கள் மனசு இளகித் தோற்றுப்போவீர்கள், இளகாதீர்கள் என்று எத்தனை சனிக்கிழமை சொல்லியிருக்கிறேன். நான் இளகவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நாளிதழ் படித்தேன். ஒரே வரியை முப்பது தடவை படித்திருப்பேன், என்ன செய்தி என்று இன்றைக்கும் தெரியாது. பின்னால் அந்தக் குரல் கெஞ்சலாகி, கோபமாகி, ஒரு கட்டத்தில் மரியாதையான சந்தேகமாகவும் ஆயிற்று. அங்கே ஆள் இருக்கிறாரா என்று பூட்டிய வீட்டு வாசலில் நின்று கேட்கிற மாதிரி.

எங்களுடையது கிள்ளானில் வரிசை வீடு, ஒரு சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டுப் பெண் காலையில் எங்கள் தாமான் குடியிருப்பின் முகப்பில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பவள், எங்களைவிடப் பதினைந்து வயது இளையவள். நான்காம் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“ஏண்ணே, அக்கா கூப்புடுறது எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. ஒங்களுக்குக் கேக்கலையா?”

“கேக்குதும்மா. இது தெரப்பி.”

“எது, திரும்பிப் பாக்காம இருக்கிறதா?”

“அதுதான்.”

“இதுக்கா படிச்சீங்கண்ணே?”

அவளுக்குக் கல்வி உளவியல் தெரியாது என்று விட்டுவிட்டேன். ஆனால் சனிக்கிழமைகளில் அவளை விட்டால் எனக்கு ஆளில்லை. நாசி லெமாக் தீர்ந்ததும் வந்து, நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்புகிற வரைக்கும் மனைவியோடு இருப்பாள். நோட்டைக் கொடுத்து, பதில் சொல்லாதே, ஒவ்வொரு தடவை கூப்பிட்டதும் ஒரு கோடு போடு என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கோடே இல்லை. பக்கம் முழுக்க எழுத்து. ‘தண்ணி’. ‘சன்னல் மூடணும், வெயில் கண்ணுல படுது’. ‘தலைமுடி நெத்தியில விழுது’. ‘உங்களக் கேட்டாங்க’. ‘பூனை வந்திருக்குனு காட்டுனாங்க’. ‘மறுபடி உங்களக் கேட்டாங்க’.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுதச் சொல்லவில்லையே, கோடுதானே போடச் சொன்னேன், இதை வைத்துக்கொண்டு எப்படி எண்ணுவது, எப்படி வரைபடம் போடுவது என்று கடிந்துகொண்டேன். கேட்டதையெல்லாம் செய்தும் கொடுத்திருக்கிறாய் போலிருக்கிறதே என்றேன்.

“ஒவ்வொரு தடவையும் வேற வேறதானேண்ணே கேட்டாங்க. எல்லாத்துக்கும் ஒரே கோடு எப்படிப் போடுறது?”

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இதை ஒரு நகைச்சுவையாகச் சொன்னேன். ஒரு நோயாளியின் வீட்டில், என்று பெயர் சொல்லாமல். ஆய்வு முறை தெரியாதவர்கள் தரவை எப்படிக் கெடுப்பார்கள் என்பதற்கு உதாரணமாக. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் நிறுத்தினேன். வந்தது.

இரண்டாம் வாரம் கோடுகள் முப்பதுக்கு இறங்கின. பிறகு பதினெட்டு, பதினொன்று, ஆறு. சதுரக் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளை இணைத்து வளைகோடு வரைந்தேன். பாடநூலில் இருப்பதைவிட அழகாக இருந்தது. மூன்றாம் வாரத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை முழுநாளும் ஒரு கோடுகூட இல்லை. அன்று மாலை நானே எனக்கு கடையில் ஒரு தே தாரிக் டீ வாங்கிக் குடித்துக்கொண்டேன். நடத்தை அற்றுப்போய்விட்டது. இனி காலியான இடத்தில் புதிய சொல் வரும்.

பப்பாளியை நறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. அவள் தண்ணீரைக் கொடுத்தால் குடித்தாள், நாற்காலியைத் தள்ளினால் போனாள். என்னைப் பார்ப்பதில்லை. கோபமாகப் பார்க்காமல் இருந்தால் கோபம் தெரியும். இது அப்படியும் இல்லை. சுவரைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதும் அவளுக்கு ஒன்றாகிவிட்டிருந்தது. பப்பாளி கறுத்துப்போய் நான்தான் தின்றேன்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா சத்தமே கேக்கலையேண்ணே. வேற பேச்சு வந்துருச்சா?”

வரும் என்றேன்.

நடுவில் ஒரு தவணை பயிற்சியாளரின் விடுப்பில் போய், மருத்துவமனையில் அடுத்த பயிற்சி. ஆப்பிள், குடை, கோப்பை. அவள் அட்டைகளைப் பார்க்கவே இல்லை. சாவி வந்தபோது நான் வேண்டுமென்றே சட்டைப் பையைத் தடவிக் காட்டினேன். ஒன்றுமில்லை. அந்தப் பெண் பெருக்கல் குறிகூடப் போடாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். நான் நோட்டை எடுத்து நீட்டினேன், வரைபடத்தோடு. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தமிழில் எழுதியிருந்த மூன்று பக்கங்களிலும் சற்று நின்றார், அவை புரியவில்லை என்றாலும். பிறகு மலாயில், குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“அங்கிள், அஞ்சு எண்ணுற வரைக்கும்னுதானே சொன்னேன்.”

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

டாக்டரிடம் அனுப்பினார்கள். புதிதாக ஓர் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம், அதனாலும் பேச்சு நின்றிருக்கலாம், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும். புதிய அடைப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சின்னதாக, ஆபத்தில்லாததாக, ஆனால் ஸ்கேனில் தெரிகிற அளவுக்கு. என் மனைவியின் மூளையில் இன்னோர் அடைப்பு வேண்டும் என்று கேட்டேன், நான் செய்தது காரணமாக இருக்கக்கூடாது என்பதற்காக.

முடிவு வந்தது. நல்ல செய்தி அங்கிள், புதிதாக ஒன்றுமில்லை என்றார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு அவளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்று வீட்டில் நோட்டைத் திறந்து முதலிலிருந்து பார்த்தேன். என் பக்கங்களில் கோடு, கோடு, கோடு. ஐந்து ஐந்தாகக் கட்டி, தேதியும் நேரமும் போட்டு, மூன்று வாரத்தில் அறுநூற்றுச் சொச்சம். அவள் என்னிடம் அறுநூறு தடவை ஏதோ சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்பது ஒரு இடத்திலும் இல்லை. அந்தச் சனிக்கிழமைப் பக்கங்களில் மட்டும் இருந்தது. முதல் சனிக்கிழமை பக்கம் முழுக்க. இரண்டாவதில் பாதிப் பக்கம். ‘சாமி வெளக்கு ஏத்தச் சொன்னாங்க’ என்று அதில் ஒரு வரி. மூன்றாவதில் இரண்டே வரி. ‘உங்களக் கேட்டாங்க’. அதன் கீழே, ‘அப்புறம் ஒண்ணும் கேக்கல, சும்மா உக்காந்திருந்தோம்’.

என்ன நடந்தது என்று இப்போது என்னால் பலகையில் போட்டு விளக்க முடியும். வலப்பக்கத்தில் இருப்பதெல்லாம் என் வீட்டு ஹாலில் நடந்தது. கையில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு அவள் ஒரு மொழியைக் கட்டிக்கொண்டிருந்தாள். குரலை ஏற்றினால் ஒன்று, இறக்கினால் ஒன்று, கண்ணால் காட்டினால் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது கேட்டது. நாசி லெமாக் பொட்டலம் கட்டுகிற அவள் சாரம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டிப்ளோமா வைத்திருந்தவன் அந்தச் செங்கல்லைப் பிடுங்கிவிட்டு, புதுச் செங்கல் எப்போது வரும் என்று பழத்தோடு காத்திருந்தான். இடப்பக்கமும் பொய்யில்லை. அது சொன்னபடியே நடந்தது, அற்றுப்போயிற்று. அற்றுப்போன இடத்தில் ஏதாவது முளைக்கும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. அந்த வரியை நான் சேர்த்துக்கொண்டேன்.

அவள் குரல் நின்று இப்போது நான்கு மாதமாகிறது. கேட்காமலே ஓடுகிறேன். மாலையில் அவள் கண் சாமி மேடைப் பக்கம் போவதற்கு முன்பே விளக்கை ஏற்றிவிடுகிறேன். வெயில் படுவதற்குள் ஜன்னலை மூடுகிறேன், நெற்றி முடியை ஒதுக்குகிறேன். எல்லாம் அந்த மூன்று பக்கத்தில் இருக்கிற பட்டியல்தான். பட்டியல் தீர்ந்ததும் திரும்பவும் முதலிலிருந்து. அதில் இல்லாதது ஏதாவது அவளுக்கு வேண்டியிருந்தால் எனக்குத் தெரிய வழியில்லை. பயிற்சியாளர் பெண் அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். வரலாம், வராமலும் போகலாம், வாரா வாரம் நம்பிக்கையோடு வாருங்கள் என்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இருந்ததை வாரம் ஒன்றாக்கிக் கொடுத்திருக்கிறார். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

சென்ற மாதம் பருவத் தேர்வு. அதே கேள்வி, அச்சாகிவிட்டது, மாற்ற முடியவில்லை. விடைத்தாள்கள் வந்தன. ‘இரண்டும் சிறந்தவையே. சூழ்நிலைக்கேற்பப் பயன்படுத்த வேண்டும்.’ முப்பத்திரண்டு பேர், அட்சரம் பிசகாமல், நான் பழக்கியபடியே. எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். அவர்கள்மேல் என்ன தப்பு? கொமுட்டர் உதாரணத்தைக் கடைசியாகச் சொன்னபோது சிரிப்புக்கு நிறுத்த மறந்துவிட்டேன், அவர்களும் சிரிக்க மறந்துவிட்டார்கள்.

நேற்று மாலை விளக்கேற்றிவிட்டு அவள் நாற்காலிக்கு எதிரே மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எல்லா வழியும் பார்த்தாயிற்று, இது ஒன்றுதான் மிச்சம். முப்பத்தொரு வருஷத்தில் அவளை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். நேற்று கூப்பிடவில்லை.

“ஏங்க” என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். கொஞ்சம் சத்தமாக, கடைசியில் குரலை ஏற்றி, அவள் சாவிக்குச் சொன்ன மாதிரியே மறுபடி சொன்னேன். கெஞ்சலாக ஒரு தடவை. கோபமாக ஒரு தடவை. வாசலில் நின்று ஆள் இருக்கிறாரா என்று கேட்கிற மாதிரி ஒரு தடவை. அந்தக் குரல்களையெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்டது எனக்கு எவ்வளவு சரியாக ஞாபகம் இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. “என்னண்ணே, கூப்புட்டீங்களா?”

“ஒன்ன இல்லம்மா” என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற ஒலி தொடர்ந்தது. என் மனைவி முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள், அல்லது எனக்குப் பின்னால் இருந்த விளக்கைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. நான் மனசுக்குள் ஐந்து எண்ணினேன். திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.